கொள்ளைநோய், நூறாண்டுப் போர், மூன்று போப்புகள்: 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடப்புத்தகங்களில் கறுப்பு மரணம் எனப்படும் பிளேக் கொள்ளைநோய் ஒரு பாடம், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர் இன்னொரு பாடம், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட போப்புகள் இருந்த திருச்சபைப் பிளவு மூன்றாவது பாடம். படித்து முடித்தவர்களுக்கு எல்லாம் ஒரே காலத்தில், ஒரே மக்களுக்கு நடந்தவை என்பதே மறந்துவிடுகிறது. இந்த மூன்றும் எங்கே ஒன்றையொன்று முட்டின என்று கேட்டால், என் பதில் பணம்தான். வரி கட்டுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை செத்துப்போனார்கள். வரி கேட்கிறவர்களின் செலவோ கூடிக்கொண்டே போனது. கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் வரும்.

பிளேக் வருவதற்கு முன் ஐரோப்பா நன்றாகத்தான் இருந்ததா?

இல்லை. முந்தைய இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் மக்கள்தொகை பெருகி, காட்டை அழித்து, மட்டமான நிலத்தில்கூட உழவு நடந்துகொண்டிருந்தது. 1315இல் தொடங்கிய மழை வட ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் விளைச்சலைக் கெடுத்தது. கதிர் வயலிலேயே அழுகியது. வெயில் இல்லாததால் உப்புக் காய்ச்ச முடியவில்லை. உப்பில்லாமல் இறைச்சியைப் பதப்படுத்தவும் முடியவில்லை. அந்த ஆகஸ்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டு செயிண்ட் ஆல்பன்ஸ் ஊரில் தங்கியபோது அரசரின் பரிவாரத்துக்கே ரொட்டி கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. ஃபிளாண்டர்ஸ் பகுதியின் ஈப்ர நகரில் 1316இல் மட்டும் ஏறக்குறைய பத்தில் ஒருவர் மடிந்தார். பஞ்சம் போன கையோடு மாடுகளுக்கு நோய் வந்தது. 1347இல் பிளேக்கைச் சந்தித்த பெரியவர்களில் பலர், குழந்தைப் பருவத்தில் இந்தப் பஞ்சத்தில் அடிபட்டவர்கள்.

கறுப்பு மரணம் எங்கிருந்து வந்தது?

இன்றைய கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கு அருகே ஒரு பழைய கிறித்தவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அங்கே கல்லறைகள் திடீரென்று பெருகுகின்றன. சிரியாக் மொழிக் கல்வெட்டுகள் சிலவற்றில் சாவுக்குக் காரணம் கொள்ளைநோய் என்றே பொறித்திருக்கிறார்கள். 2022இல் அந்த எலும்புகளின் டி.என்.ஏ.வைச் சோதித்தபோது பிளேக் பாக்டீரியா இருந்தது உறுதியானது.

அங்கிருந்து நோய் மேற்கே நகர்ந்து 1346இல் கருங்கடல் கரையை எட்டியது. 1347 அக்டோபரில் ஜெனோவாக் கப்பல்கள் சிசிலியின் மெஸினா துறைமுகத்துக்கு வந்தன. பிறகு மார்செய், பிளாரன்ஸ், பாரிஸ், 1348 நடுவில் இங்கிலாந்தின் தென்கரை, 1349இல் நார்வே, 1350களின் தொடக்கத்தில் ரஷ்யா. வணிகப் பாதை எதுவோ அதுவே நோயின் பாதை.

மங்கோலியர்கள் பிணங்களைக் கவண்பொறியில் வைத்துக் கோட்டைக்குள் வீசினார்கள் என்பது உண்மையா?

கிரிமியாவில் ஜெனோவா வணிகர்களின் காஃபா கோட்டையை மங்கோலிய மன்னர் ஜானிபெக் கானின் படை முற்றுகையிட்டது உண்மை. அந்தப் படைக்குள் நோய் பரவியதும் உண்மை. பிணம் வீசிய கதையை எழுதிவைத்தவர் கபிரியேல் தெ மூஸிஸ் என்ற இத்தாலிய நோட்டரி. அவர் அந்த நேரத்தில் காஃபாவிலேயே இல்லை என்றுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். கோட்டைச் சுவரைத் தாண்ட எலிக்குக் கவண்பொறி தேவையில்லை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

எத்தனை பேர் இறந்தார்கள்?

1347 முதல் 1352 வரை ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை என்பது பொதுவாக ஏற்கப்படும் கணிப்பு. எல்லா இடத்திலும் ஒரே அளவு அல்ல. மிலான் நகரம் முதல் அலையில் ஓரளவு தப்பியது. பிளாரன்ஸ் ஏறக்குறைய பாதி மக்களை இழந்தது.

எண்களைவிடச் சியன்னா நகரத்தைப் பார்த்தால் புரியும். 1339இல் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பேராலயத்தை உலகிலேயே பெரியவற்றுள் ஒன்றாக்கத் திட்டமிட்டு, இருக்கிற கோயிலையே குறுக்குக் கையாக மாற்றும் அளவுக்குப் புதிய மண்டபம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். 1348இல் வேலை நின்றது. கட்டுகிற கையும் இல்லை, கொடுக்கிற பையும் இல்லை. முடியாத அந்த மண்டபத்தின் முன்சுவர் கூரையில்லாமல் இன்றும் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன்மேல் ஏறி ஊரைப் பார்க்கிறார்கள். அதே சியன்னாவில் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவராகவும் வரி வசூலித்தவராகவும் அறியப்படும் அஞ்ஞோலோ தி தூரா, தன் ஐந்து பிள்ளைகளைத் தன் கையாலேயே புதைத்ததாக எழுதிவைத்தார்.

அயர்லாந்தின் கில்கென்னியில் ஜான் கிளின் என்ற துறவி நடப்பதையெல்லாம் குறித்து வந்தார். கடைசியில், ஆதாமின் சந்ததியில் யாராவது பிழைத்திருந்தால் தொடர்ந்து எழுதட்டும் என்று சொல்லி, வெற்றுத் தோல்தாள் விட்டுச் செல்வதாக முடித்தார். பின்னால் வேறொருவர் கையெழுத்தில், ஆசிரியர் இங்கே இறந்ததாகத் தோன்றுகிறது என்று ஒரு வரி இருக்கிறது.

இன்னொன்று: நோய் ஒருமுறை வந்து போய்விடவில்லை. 1361இல் திரும்பியபோது குழந்தைகளை அதிகம் கொண்டுபோனது. அதன்பிறகும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டியது. இங்கிலாந்தின் மக்கள்தொகை பழைய அளவைத் தொட 200 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மருத்துவர்கள் என்னதான் செய்தார்கள்? பறவை மூக்கு முகமூடி போட்டார்களாமே?

அந்த முகமூடி 17ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். கறுப்பு மரணக் காலத்தில் கிடையாது. படங்களில் சேர்த்துப் போட்டுப் போட்டு நம் மனதில் பதிந்துவிட்டது.

1348 அக்டோபரில் பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவத் துறை பிரெஞ்சு மன்னருக்குக் கொடுத்த அறிக்கை, 1345 மார்ச்சில் சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் கும்பத்தில் சேர்ந்ததால் காற்று கெட்டுவிட்டது என்றது. அன்றைய அறிவுக்கு அதுதான் எட்டியது. ஆனால் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருக்கவில்லை. அப்போது போப்பின் இருப்பிடமாக இருந்த அவிஞோனில் (இன்றைய தெற்குப் பிரான்ஸ்) அவருடைய மருத்துவராக இருந்த கி தெ ஷோலியாக், இருமலும் இரத்தமுமாக மூன்றே நாளில் கொல்லும் வகை ஒன்று, அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டி ஐந்து நாளில் கொல்லும் வகை இன்னொன்று என்று சரியாகப் பிரித்து எழுதினார். அவருக்கும் நோய் வந்தது, பிழைத்துக்கொண்டார். போப் ஆறாம் கிளெமென்ட்டை இரண்டு பெரிய நெருப்புகளுக்கு நடுவே உட்காரவைத்ததும் மருத்துவ ஆலோசனைதான். காரணம் தவறு, ஆனால் தனிமைப்படுத்தியதில் தப்பியிருக்கலாம்.

உருப்படியான ஏற்பாடு துறைமுகங்களிலிருந்து வந்தது. 1377இல் ரகூசா, அதாவது இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக், நோயுள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே காத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பின்னால் அது 40 நாளானது. பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க 1894இல் ஹாங்காங்குக்கு அலெக்ஸாண்டர் யெர்சன் வர வேண்டியிருந்தது. தெள்ளுப்பூச்சிதான் எலியிலிருந்து நோயைக் கடத்துகிறது என்பதை 1898இல் பால் லூயி சிமோன் கராச்சியில் செய்த சோதனையில் காட்டினார்.

யூதர்கள் மேல் ஏன் பழி விழுந்தது?

கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்ற வதந்தி. சவோய் பகுதியில் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்கள் ஊர் ஊராகக் கடிதத்தில் போயின. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். அப்போது நோய் அந்த ஊருக்கு வந்துசேரவே இல்லை. யூதர்களிடம் கடன் வாங்கியிருந்தவர்களின் பத்திரங்கள் செல்லாமல் போயின, ரொக்கம் பங்கிடப்பட்டது. இதைக் கவனித்தால் மதவெறி மட்டும் காரணமல்ல என்பது தெரியும்.

ஆறாம் கிளெமென்ட் 1348இலேயே இதைக் கண்டித்து ஆணை மடல்கள் விடுத்தார். யூதர்களும்தானே சாகிறார்கள், யூதர்களே இல்லாத ஊரிலும்தானே நோய் இருக்கிறது என்று நேராகக் கேட்டார். அவிஞோனில் அவருடைய பேச்சு எடுபட்டது. ரைன் நதிக்கரை நகரங்களில் எடுபடவில்லை. சாட்டையால் தங்களையே அடித்துக்கொண்டு ஊர்வலம் போன கூட்டங்களையும் 1349 அக்டோபரில் தடை செய்தார்.

பாதிரியார்கள் மக்களை விட்டு ஓடிவிட்டார்களா?

சிலர் ஓடினார்கள். இங்கிலாந்தில் ஆயர்களின், அதாவது பிஷப்புகளின், பதிவேடுகளைப் பார்த்தால், பல மறைமாவட்டங்களில் பங்குப் பாதிரியார்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இறந்திருக்கிறார்கள். சாகிறவரின் வாய்க்கு அருகே காதை வைத்துப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டவர்களுக்கு நோய் தொற்றாமல் என்ன செய்யும்?

1349 ஜனவரியில் பாத் அண்ட் வெல்ஸ் ஆயர் ரால்ஃப் ஒரு அறிவிப்பு விட்டார். பாதிரியார் கிடைக்காவிட்டால் சாகும் தறுவாயில் இருப்பவர் சாதாரண ஆளிடமே பாவசங்கீர்த்தனம் செய்யலாம். ஆண் இல்லையென்றால் ஒரு பெண்ணிடம்கூடச் செய்யலாம். அவசரத்துக்குச் சொன்ன வழிதான். ஆனாலும் குருவானவர் இல்லாமல் மோட்சம் இல்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். அப்புறம் காலி இடங்களை நிரப்ப, மனைவியை நோய்க்கு இழந்தவர்களும் அரைகுறையாக லத்தீன் படித்தவர்களும் பாதிரியார் ஆனார்கள். பிழைத்த பாதிரியார்களோ கூடுதல் சம்பளம் கேட்டார்கள்.

நூறாண்டுப் போர் நிஜமாகவே நூறு ஆண்டு நடந்ததா?

1337 முதல் 1453 வரை, 116 ஆண்டு. நடுவில் நீண்ட சமாதானங்கள் உண்டு. 1328இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் சார்லஸ் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய சகோதரி இசபெல்லாவின் மகன் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு. பெண்வழி உரிமை செல்லாது என்று பிரெஞ்சுப் பிரபுக்கள் சித்தப்பா மகன் ஆறாம் பிலிப்பை அரியணையில் ஏற்றினார்கள். அதோடு ஒயின் விளையும் கஸ்கோனி, ஆங்கிலேயக் கம்பளி வாங்கும் ஃபிளாண்டர்ஸ் இரண்டின் மேலும் இரு தரப்புக்கும் கண். கிரெஸி (1346), பொய்த்தியே (1356), அஜின்கூர் (1415) மூன்றிலும் ஆங்கிலேயர் வென்றார்கள். கடைசியில் காஸ்தியோன் (1453) போரில் பிரெஞ்சுப் பீரங்கிகள் கணக்கை முடித்தன.

கொள்ளைநோய் வந்தபோதும் போரை நிறுத்தவில்லையா?

1347 செப்டம்பரில், கலே துறைமுகம் விழுந்த கையோடு ஒரு போர்நிறுத்தம் வந்தது. நோய் காரணமாக அதை நீட்டித்துக்கொண்டே போனார்கள். எட்வர்டின் மகள் ஜோன் காஸ்டில் இளவரசருக்கு வாழ்க்கைப்படப் புறப்பட்டு, 1348இல் போர்தோவில் பிளேக்கில் இறந்தாள். அடுத்த ஆண்டு பிரெஞ்சு அரசியும் இறந்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆங்கிலேயர் சாகிறார்கள் என்று மகிழ்ந்து படையெடுக்கக் காட்டில் கூடினார்கள். நோய் அவர்களையே பிடித்துக்கொண்டது, தப்பியவர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று அக்கால ஆங்கிலேயர் ஒருவர் எழுதுகிறார். 1355இல் போர் மறுபடி தொடங்கிவிட்டது.

போரில் சாமானியர் என்ன பட்டார்கள்?

பெரிய சண்டைகள் குறைவு. கொள்ளைதான் அன்றாடம். ஆங்கிலேயப் படை ஊரூராகப் போய்ப் பயிரையும் களஞ்சியத்தையும் எரிப்பதையே உத்தியாக வைத்திருந்தது. எதிரி மன்னனுக்கு வரி வரும் ஊற்றை அடைப்பதே நோக்கம்.

பொய்த்தியேவில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் சிறைப்பட்டார். 1360 ஒப்பந்தப்படி மீட்புத்தொகை 'எக்கு' என்ற தங்கக்காசு 30 லட்சம். அந்த வேளையில் அச்சிட்ட புதிய தங்கக்காசுக்குத்தான் பிராங்க் என்று பெயர். யூரோ வரும்வரை பிரான்சில் நிலைத்த பெயர் அது. நோயில் பாதியாகிப்போன ஊர்கள்தான் இந்தத் தொகைக்கு வரி கட்டின. உப்பு வரி, விற்பனை வரி, வீட்டு வரி எல்லாம் தற்காலிகம் என்று வந்து நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன. அதற்கு முன்பே, 1358 மே மாதக் கடைசியில் போவே வட்டாரத்து உழவர்கள் பிரபுக்களின் மாளிகைகளை எரித்தார்கள். இரண்டு வாரத்தில் இரத்தத்தில் அடக்கப்பட்டார்கள்.

சமாதானம் வந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. சம்பளம் நின்ற கூலிப்படைகள் தாங்களாகவே கொள்ளையில் இறங்கின. 1360 டிசம்பரில் ஒரு படை அவிஞோனுக்கு வடக்கே பொன் சேன் தெஸ்பிரி பாலத்தைப் பிடித்து, போப்பின் நகருக்குச் சரக்கு வரும் வழியை அடைத்தது. போப் ஆறாம் இன்னசென்ட் பணம் கொடுத்து அவர்களை இத்தாலிப் பக்கம் அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு, 1361இல், அவிஞோனில் மறுபடி பிளேக். இன்று அந்த நகரைச் சுற்றி நிற்கும் மதில், இந்தக் கொள்ளையர்களுக்குப் பயந்து எழுப்பியது.

நோய்க்குப் பிறகு கூலி உயர்ந்து ஏழைகள் நன்றாக வாழ்ந்தார்களாமே?

பாதி உண்மை. ஆள் பற்றாக்குறையால் கூலி கேட்டது கிடைத்தது. உடனே நிலப்பிரபுக்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1351இல் வந்த இங்கிலாந்துச் சட்டம் யாரும் 1346ஆம் ஆண்டுக் கூலிக்கு மேல் கேட்கக் கூடாது என்றது. 1363இல் யார் என்ன துணி உடுத்தலாம் என்பதற்குக்கூடச் சட்டம் வந்தது. கீழே இருப்பவன் கையில் காசு புழங்கியது மேலே இருப்பவர்களை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

அப்புறம் தலைவரி. பிரான்சுப் போருக்காக 1377இல் தலைக்கு 4 பென்னி. 1380இல் விதித்த மூன்றாவது வரி தலைக்கு 12 பென்னி, 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும். கூலிக்காரரும் பணக்காரரும் ஏறக்குறைய ஒரே வரி. 1381 ஜூனில் கென்ட்டும் எஸ்ஸெக்ஸும் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் புகுந்தன. வாட் டைலர் தலைவர். ஜான் பால் என்ற பாதிரியார் ஊக்கம் தந்தவர். கூட்டம் லண்டன் கோபுரக் கோட்டையிலிருந்து சைமன் சட்பரியை இழுத்துவந்து தலையை வெட்டியது. அவர் கேன்டர்பரி பேராயர். அதே நேரத்தில் வரிக்குப் பொறுப்பான அரசவை முதல்வரும் அவரே. மக்கள் கோபத்தில் அரசையும் திருச்சபையையும் பிரித்துப் பார்க்க இடமே இல்லை. 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டு கேட்டதெல்லாம் தருவதாக வாக்களித்தார். டைலர் கொல்லப்பட்டதும் வாக்கு காற்றில் போனது. ஆனாலும் தலைவரியை மறுபடி வசூலிக்க அந்தத் தலைமுறைக்குத் தைரியம் வரவில்லை. பண்ணையடிமை முறையும் அடுத்த நூற்றாண்டில் தானாகவே கரைந்தது.

போப் ரோமை விட்டு ஏன் போனார்?

பாதிரிமாருக்கு அரசன் வரி போடலாமா என்பதில் தொடங்கிய சண்டை. போப் எட்டாம் போனிஃபேஸ், பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1303 செப்டம்பரில் பிலிப்பின் ஆட்கள் அனாஞ்ஞி ஊரில் போப்பையே சிறைபிடித்தார்கள். ஊர்மக்கள் விடுவித்தும் அடுத்த மாதமே அவர் இறந்தார். 1305இல் போப் ஆன ஐந்தாம் கிளெமென்ட் பிரெஞ்சுக்காரர்; ரோம் பக்கமே போகாமல் 1309இல் அவிஞோனில் தங்கினார். 1377 வரை ஏழு போப்புகள், ஏழு பேரும் பிரெஞ்சுக்காரர்கள். 1348இல், பிளேக் உச்சத்தில் இருந்த ஆண்டில், ஆறாம் கிளெமென்ட் நேப்பிள்ஸ் அரசி ஜோவன்னாவிடமிருந்து அவிஞோன் நகரத்தையே 80,000 ஃபுளோரின் தங்கக்காசுக்கு விலைக்கு வாங்கினார். அந்தப் பணமெல்லாம் ஐரோப்பா முழுவதும் பதவி நியமனங்களுக்குக் கட்டணமாகவும், புதிதாகப் பதவி பெறுகிறவரின் முதல் ஆண்டு வருமானத்தில் பங்காகவும் வந்தது. அதைத் திறமையான நிர்வாகம் என்றும் சொல்லலாம். கட்டியவர்கள் வேறு பெயர் வைத்தார்கள்.

ஒரே நேரத்தில் மூன்று போப்புகள் எப்படி?

பதினோராம் கிரகோரி 1377 ஜனவரியில் ரோமுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்தார். வெளியே ரோம் மக்கள் கூடி, ரோமானியர் வேண்டும், குறைந்தது இத்தாலியராவது வேண்டும் என்று கூச்சலிட, போப்பைத் தேர்ந்தெடுக்கும் உயர் குருமார்களான கர்தினால்கள் 1378 ஏப்ரல் 8 அன்று பாரி பேராயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறாம் அர்பன் ஆன அவர் முன்கோபி. கர்தினால்களையே முகத்துக்கு நேரே திட்டினார். மிரட்டலில் நடந்த தேர்தல் செல்லாது என்று அவர்களும் செப்டம்பரில் ஃபோந்தியில் கூடி ஏழாம் கிளெமென்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள் என்பதுதான் சிக்கல். வேறு யாரோ போட்டிக்கு நிறுத்தியிருந்தால் தள்ளிவிடலாம்.

கிளெமென்ட் அவிஞோன் போனார். பிரான்ஸ், ஸ்காட்லாந்து, பின்னால் காஸ்டில், அரகோன் அவர் பக்கம். இங்கிலாந்து, ஜெர்மானியப் பேரரசின் பெரும்பகுதி, ஹங்கேரி, போலந்து ரோம் பக்கம். வரைபடத்தில் போர்க் கூட்டணியையும் போப் கூட்டணியையும் மேலே மேலே வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. 1383இல் நார்விச் ஆயர் ஹென்றி டெஸ்பென்சர் அர்பன் பெயரில் சிலுவைப்போர் என்று சொல்லிப் பாவமன்னிப்பு விற்றுப் பணம் திரட்டி ஃபிளாண்டர்ஸ் போனார். அங்கே ஈப்ர நகரை முற்றுகையிட்டார். ஈப்ர மக்கள் அர்பன் கட்சிக்காரர்கள்!

அர்பன் 1385இல் தன் கர்தினால்கள் ஆறு பேரைச் சிறைபிடித்துச் சித்திரவதை செய்தார். ஐந்து பேர் உயிரோடு வெளியே வரவில்லை. சமரசத்துக்காக 1409இல் பீசாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம், அப்போதைய ரோம் போப், அவிஞோன் போப் இருவரையும் நீக்கி மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தது. பழைய இருவரும் பதவி விலக மறுக்க, கணக்கு மூன்றானது.

யார் உண்மையான போப் என்று மக்களுக்கு எப்படித் தெரிந்தது?

தெரியவில்லை. சியன்னாவின் கேத்தரின் ரோம் பக்கம், வின்சென்ட் ஃபெரர் அவிஞோன் பக்கம். பின்னால் இருவரையும் திருச்சபை புனிதர்களாக ஏற்றது. இன்றைய பட்டியலில் ரோம் வரிசைதான் முறையானது. உழவருக்கு இது தன் ஊர்ப் பாதிரியார் யார் பெயரைச் சொல்லி மன்றாடுகிறார் என்ற அளவோடு நின்றது. ஆனால் ஒரு ஆயர் பதவிக்கு இரண்டு பேர் வந்து நின்ற ஊர்களும் உண்டு.

பிளவு எப்படி முடிந்தது? யான் ஹுஸ் ஏன் எரிக்கப்பட்டார்?

1414 முதல் 1418 வரை கான்ஸ்டன்ஸ் நகரில் நடந்த பொதுச்சங்கம் முடித்தது. ஜெர்மானியப் பேரரசர் ஆகவிருந்த சிகிஸ்மண்ட் நெருக்க, பீசா வரிசையின் இருபத்து மூன்றாம் ஜான் அதைக் கூட்டினார். காற்று தனக்கு எதிராக அடிப்பதைப் பார்த்து மாறுவேடத்தில் ஓடினார், பிடிபட்டார், நீக்கப்பட்டார். ரோமின் பன்னிரண்டாம் கிரகோரி தானே விலகினார். அவிஞோன் வரிசையின் பதின்மூன்றாம் பெனடிக்ட் மட்டும் ஸ்பெயினின் பெனிஸ்கோலா கோட்டையில் சாகும்வரை தானே போப் என்றிருந்தார். 1417 நவம்பர் 11 அன்று ஒரு வணிகக் கிடங்கில் 23 கர்தினால்களும் ஐந்து நாட்டினரின் 30 பிரதிநிதிகளும் சேர்ந்து ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஹுஸ் பிராகில் போதகர். இந்த ஜானே நேப்பிள்ஸ் மன்னரோடு சண்டைபோடப் பாவமன்னிப்பு விற்க ஆள் அனுப்பியபோது, 1412இல் எதிர்த்துப் பேசினார். அதை எதிர்த்த மூன்று இளைஞர்கள் தலை இழந்தார்கள். சிகிஸ்மண்ட் கொடுத்த பாதுகாப்புச் சீட்டை நம்பி ஹுஸ் கான்ஸ்டன்ஸ் போனார். 1415 ஜூலை 6 அன்று எரிக்கப்பட்டார். ஜானை நீக்கிய அதே சங்கம்தான் அந்த ஜானின் வியாபாரத்தை எதிர்த்தவரையும் எரித்தது. ஹுஸின் நாடான பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு) 1419 முதல் 1434 வரை போர்.

ஜோன் ஆஃப் ஆர்க் இதில் எங்கே வருகிறார்?

போரின் கடைசிக் கட்டத்தில், பிரெஞ்சுப் படையோடு களமிறங்கிய உழவர் வீட்டுப் பெண்ணாக. 1429 மே மாதம் ஓர்லேயான் முற்றுகை உடைந்தது. ஜூலை 17 அன்று ரான்ஸில் ஏழாம் சார்லஸ் முடிசூடினார். 1431 மே 30 அன்று ரூவானில் ஜோனை எரித்தார்கள். தீர்ப்புச் சொன்ன கோஷோன் ஆயர்தான், ஆனால் ஆங்கிலேயர் பக்கம். 1456இல் திருச்சபையே தீர்ப்பை ரத்து செய்தது. 1920இல் புனிதர் பட்டம்.

இதனால்தான் மறுமலர்ச்சியும் லூதரும் வந்தார்கள் என்று சொல்லலாமா?

நேர்க்கோடு போட வேண்டாம். ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூதர் 1517இல் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரம், ஹுஸ் எதிர்த்ததன் தொடர்ச்சி. லூதரே பின்னால் ஹுஸோடு தன்னைச் சேர்த்துப் பேசினார். மறுமலர்ச்சி விஷயம் வேறு. பிளேக்குக்கு முன்பே இத்தாலியில் ஓவியமும் இலக்கியமும் புதுப்பாதை பிடித்துவிட்டன. சாவு வந்து கலையைத் தந்தது என்ற பேச்சு எனக்கு ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை.

பிளேக் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. மடகாஸ்கரில் ஏறக்குறைய ஆண்டுதோறும், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அவ்வப்போது. இந்தியாவில் 1994 செப்டம்பரில் சூரத்தில் பீதி கிளம்பி லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தது பலருக்கு நினைவிருக்கும். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். நுரையீரல் வகைக்கு மட்டும் முதல் 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும்.